தாய் பெயரைத் தாங்கிய படங்கள்

மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், வெளியே இறங்க வழியில்லாதபடி மழை பிடித்துக்கொண்டால், நம் வீட்டுப் பிள்ளைகள் விறாந்தையில் வட்டமாக அமர்ந்து ஒரு விளையாட்டுத் தொடங்குவர். ஒருவர் ஒரு சொல்லைக் கூறவேண்டும். மற்றவர்கள் அச்சொல் இடம்பெற்ற திரைப்படப் பெயர்களை முறைவைத்துச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். சொல்ல முடியாதவர் ஆட்டத்திலிருந்து விலகவேண்டும். செலவில்லாத விளையாட்டு, சண்டை மட்டும் சிறிது உண்டு.

'பணம்' என்று ஒருவர் சொன்னால், 'பணம்', 'பணத்தோட்டம்', 'பணமா பாசமா' என்று விடைகள் வரும். 'நெஞ்சம்' என்றால், டைரக்டர் ஸ்ரீதர் ஒருவரே மூன்று படங்களைத் தந்து உதவுவார்: 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'நெஞ்சம் மறப்பதில்லை', 'நெஞ்சிருக்கும் வரை'. இளையவர்களுக்குப் புதிய படங்கள் தெரியும். மூத்தவர்களுக்குப் பழைய படங்கள் தெரியும். ஆகவே, சொல் நல்லதாக அமைந்துவிட்டால் வீடு முழுவதும் விளையாட்டுக்குள் வந்துவிடும்.

அண்மையில் ஒருநாள் அப்படி அமைந்த சொல் 'தாய்'. அடுக்களையில் நின்றவர்களும் கைவேலையை விட்டுவிட்டு வந்து பெயர் சொன்னார்கள். மூத்த பேரன் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டே போனான். பக்கம் நிரம்பிற்று. அப்பொழுது மூலையிலிருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா தலை நிமிராமலே கேட்டார்: "அது சரி பிள்ளையள், உந்தப் படங்களிலை தாய் என்ன செய்தவ?"

ஒருவருக்கும் விடை வரவில்லை. மகன் என்ன செய்தான் என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஒரேநேரத்தில் பேசியிருப்பார்கள். தாய் என்ன செய்தாள் என்ற கேள்விக்கு, "அழுதாள்" என்று ஒரு குரல் மெல்ல எழுந்தது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்தக் கடதாசியை எடுத்துவைத்து, ஒவ்வொரு பெயராக ஆராயத் தொடங்கினோம். ஆராய்ந்ததில் கிடைத்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னிரண்டு பெயர்கள்

அன்று எழுதிய பட்டியலில் பழைய படங்களை மட்டும் ஆண்டு வரிசையில் தருகிறோம். 'தாய் உள்ளம்' (1952), 'தாய்க்குப் பின் தாரம்' (1956), 'தாய் மகளுக்குக் கட்டிய தாலி' (1959), 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961), 'தாயில்லாப் பிள்ளை' (1961), 'தாயைக் காத்த தனயன்' (1962), 'தெய்வத்தாய்' (1964), 'தாயின் மடியில்' (1964), 'கன்னித்தாய்' (1965), 'தாயே உனக்காக' (1966), 'தாய்க்குத் தலைமகன்' (1967), 'ஒரு தாய் மக்கள்' (1971). நமக்கு நினைவுக்கு வந்தவை இவை பன்னிரண்டு. நேயர்கள் இன்னும் பலவற்றைச் சேர்க்கக்கூடும்.

இப்பன்னிரண்டில் ஒன்பது படங்களில் கதாநாயகர் எம். ஜி. இராமச்சந்திரன் ஒருவரே என்பது முதலிற் கண்ணிற் படும் செய்தி. எஞ்சியவை 'தாய் உள்ளம்', 'தாயில்லாப் பிள்ளை', 'தாயே உனக்காக' ஆகிய மூன்றுமே. தாயை மதிக்கும் மகன் என்ற தோற்றம் அவருக்கு எவ்வளவு பொருந்திற்று என்பதற்கும், அத்தோற்றத்தைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கும் இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இலக்கணம் சொல்லும் உண்மை

மாணவ நேயர்கள் இந்தப் பட்டியலை இலக்கணக் கண்கொண்டு ஒருமுறை பார்க்கவேண்டும். வேற்றுமை படிப்பதற்கு இதைவிட இனிய பாடம் கிடைப்பது அரிது.

'தாயைக் காத்த தனயன்' என்பதில் தாய் செயப்படுபொருள். ஐ உருபு ஏற்று இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறாள். காத்தவன் தனயன். 'தாய்க்குத் தலைமகன்', 'தாய்க்குப் பின் தாரம்' என்னும் இரண்டிலும் கு உருபு ஏற்றிருக்கிறாள். 'தாயின் மடியில்' என்பதில் மடிக்கு உரியவள். 'தாய் சொல்லைத் தட்டாதே', 'தாய் உள்ளம்', 'ஒரு தாய் மக்கள்' என்பவற்றிலும் அவ்வாறே. சொல்லும் உள்ளமும் மக்களும் அவளுடையவை. 'தாயே உனக்காக' என்பதில் விளிக்கப்படுகிறாள். 'தெய்வத்தாய்', 'கன்னித்தாய்' என்பவற்றில் அடைமொழி பெற்று நிற்கிறாள். வினை எதுவும் இல்லை.

எழுவாயாக நின்று ஒரு செயலைச் செய்கின்ற தாய் எங்கே? 'தாயில்லாப் பிள்ளை' என்பதில் அவள் எழுவாய்தான். ஆனால் அவள் செய்வதெல்லாம் இல்லாமற் போவது ஒன்றே. பன்னிரண்டு பெயர்களிலும் தாய் தன் கையால் ஒரு காரியம் செய்கின்ற பெயர் ஒன்றே ஒன்றுதான்: 'தாய் மகளுக்குக் கட்டிய தாலி'. 1959ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த இப்படத்தின் கதை அறிஞர் சி. என். அண்ணாதுரை எழுதியது. தாலி கட்டுவது மணமகன் செயல் என்று உலகம் எண்ணியிருக்க, அதனைத் தாயின் செயலாக்கி, கேட்டவுடன் திடுக்கிடச் செய்யும் ஒரு பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தத் திடுக்கீடே நம் கட்சிக்குச் சான்றாகிறது. தாய் ஏதாவது செய்துவிட்டால் தலைப்பே அதிசயமாகிவிடுகிறது அன்றோ?

அம்மம்மாவின் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வியன்று என்பது இப்பொழுது விளங்கும்.

தேவரின் முதலும் முடிவும்

இப்பட்டியலிலுள்ள படங்களில் ஐந்து ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை. அது சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ். 'சாண்டோ' என்பது அவருடைய பெயரன்று. யூஜின் சாண்டோ என்னும் புகழ்பெற்ற ஜெர்மானியப் பயில்வானை நினைந்து, தேகப்பயிற்சியில் வல்லவர்களுக்கு அக்காலத்தில் அளிக்கப்பட்ட பட்டம். கோயம்புத்தூரில் ஜூபிடர் நிறுவனத்தின் படங்களில் சிறு வேடங்கள் ஏற்றிருந்த காலத்திலேயே தேவரும் எம். ஜி. ஆரும் நண்பர்கள்.

தேவர் தாமே படத் தயாரிப்பில் இறங்கியபோது எடுத்த முதற் படம் 'தாய்க்குப் பின் தாரம்'. அவருடைய தம்பி எம். ஏ. திருமுகம் டைரக்ட் செய்தார். பானுமதி கதாநாயகி, கே. வி. மகாதேவன் இசை. காளையுடன் நாயகன் மோதும் காட்சி இதில் உண்டு. பின்னர் யானை, புலி, நாய், பாம்பு என்று தேவர் படங்களில் விலங்குகள் நடிகர்களுக்குச் சமமாகப் பெயர் பெற்றதற்கு இந்தக் காளையே முன்னோடி எனலாம்.

படம் வெற்றி பெற்றது. ஆனால் நண்பர்களிடையே மனத்தாங்கல் உண்டாயிற்று. ஐந்து ஆண்டுகள் தேவர் படத்தில் எம். ஜி. ஆர். நடிக்கவில்லை. இடையில் தேவர், ரஞ்சனைக் கொண்டு 'நீலமலைத் திருடன்' (1957) முதலிய படங்களை எடுத்தார். 1961இல் இருவரும் மீண்டும் கைகோத்தபோது வெளிவந்த படம் 'தாய் சொல்லைத் தட்டாதே'. பிரிந்ததும் தாய் பெயரில். சேர்ந்ததும் தாய் பெயரில். அடுத்த ஆண்டே 'தாயைக் காத்த தனயன்'. இவ்வாறு தொடங்கிய உறவு 1972இல் வந்த 'நல்ல நேரம்' வரை நீடித்து, மொத்தம் பதினாறு படங்களாக நிறைந்தது.

அவற்றுள் 'கன்னித்தாய்' பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். 1965இல் வந்த இப்படத்தின் கதாநாயகி, அதே ஆண்டில் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் எம். ஜி. ஆருடன் முதன்முறையாகச் சேர்ந்து நடித்த இளம் நடிகை ஜெயலலிதா. 'தாய்' என்ற சொல்லைத் தாங்கிய படத்தில் அன்று நடித்த அவர், 1991இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். பின்னர் கட்சியினரும் மக்களும் 'அம்மா' என்றே அழைக்கும் நிலை வந்தது. 2013இல் தொடங்கப்பட்ட மலிவு விலை உணவுச்சாலைகளுக்கும் 'அம்மா உணவகம்' என்பதே பெயர். படத்தின் பெயர்ப்பலகையில் இருந்த சொல் அரசாங்கத்தின் பெயர்ப்பலகைக்கு ஏறியது இவ்வாறு.

ஐந்தாவது படமாகிய 'தாய்க்குத் தலைமகன்' வெளிவந்த நாளை எம். ஜி. ஆரின் இரசிகர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1967ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் தேதி அப்படம் திரைக்கு வந்தது. அதற்கு முதல்நாள் மாலை, 12ஆந் தேதி, சென்னையில் எம். ஜி. ஆரின் இல்லத்தில் நடிகர் எம். ஆர். ராதா அவரைத் துப்பாக்கியாற் சுட்டார். குண்டு கழுத்திற் பாய்ந்தது. படமாளிகைகளின் திரையிலே தலைமகன் பழைய குரலிற் பேசிக்கொண்டிருந்த அந்நேரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலே அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். உயிர் தப்பினார், ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. 'தாய் சொல்லைத் தட்டாதே', 'தாயைக் காத்த தனயன்' இரண்டிலும் அவருடன் சேர்ந்து நடித்தவர் அதே எம். ஆர். ராதா என்பதை எண்ணும்போது மனம் ஒருகணம் திகைக்கிறது.

தேவரைப் பற்றிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அவர் காலமானார். அவருடைய நிறுவனத்தின் தயாரிப்பாக அவர் மறைவின் பின் அதே ஆண்டில் வந்த படம், ரஜினிகாந்த் நடித்த 'தாய் மீது சத்தியம்'. தாய் பெயருடன் தொடங்கிய ஒரு தயாரிப்பாளரின் வாழ்வு தாய் பெயருடனேயே நிறைவெய்தியது. எழுதிவைத்தாலும் இவ்வாறு அமைவது அரிது.

வில்லனும் நாயகனும் இடம் மாறிய படம்

பட்டியலில் முதலாவதாக நிற்கும் 'தாய் உள்ளம்' பலருக்கும் மறந்துபோன படம். ஆனால் அம்மம்மாவின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடிய படங்களுள் இது ஒன்று. டைரக்டர் கே. ராம்நாத். இவரே இரண்டாண்டுகளுக்கு முன் பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் ஹியூகோவின் நவீனத்தைத் தழுவி 'ஏழை படும் பாடு' என்ற படத்தைத் தந்தவர். 'தாய் உள்ளம்' கதையும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. 1861இல் எலன் வூட் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'ஈஸ்ட் லின்' என்ற நவீனம் அது.

அந்நவீனத்தில் வரும் தாய் குற்றமற்ற தெய்வமல்லள். தீயவனொருவனின் வஞ்சகத்தில் மயங்கிக் கணவனையும் குழந்தைகளையும் விட்டுப் போகிறாள். பின்னர் ஏமாந்து, உருவம் மாறி, தன் சொந்த வீட்டுக்கே பிள்ளைகளின் ஆசிரியையாகத் திரும்பி வந்து, தன் பிள்ளைகளைத் 'தாய்' என்று சொல்லிக்கொள்ள முடியாமலே வளர்க்கிறாள். தவறுகிறாள், வருந்துகிறாள், திரும்பி வருகிறாள், எத்தனை வினைகள்! தவறு செய்யக்கூடியவளாகத் தாயைக் காட்டத் துணிந்ததனாலேயே அவளுக்கு ஒரு கதை கிடைத்தது. தமிழ்ப் படத்தில் அந்தப் பாத்திரத்தை எம். வி. ராஜம்மா ஏற்றார். 1964இல் 'கர்ணன்' படத்தில், பெற்ற மகனை மகனென்று உலகறியச் சொல்ல முடியாத குந்தியாக நடித்தவரும் இவரே.

வேடிக்கை என்னவென்றால், இப்படத்தில் நாயகனாக நடித்தவர் ஆர். எஸ். மனோகர், வஞ்சகனாக நடித்தவர் ஜெமினி கணேசன்! பின்னாளில் 'காதல் மன்னன்' என்று புகழ்பெற்றவர் அன்று வில்லன். பின்னாளில் நூற்றுக்கணக்கான காட்சிகளில் வில்லனாக உதை வாங்கியவர் அன்று நாயகன். அடுத்த ஆண்டே ஜெமினி கணேசன் 'மனம்போல் மாங்கல்யம்' படத்தில் சாவித்திரியுடன் கதாநாயகனாகிவிட்டார். மனோகரோ திரையில் வில்லனாகவும் மேடையில் புராண நாடகங்களின் மன்னராகவும் திகழ்ந்தார். அவருடைய நாடகங்களுள் 'இலங்கேஸ்வரன்' பெரும் புகழ் பெற்றது. வில்லன் என்று உலகம் சொல்லும் இராவணனை நாயகனாக்கிக் காட்டிய நாடகம் அது. நாயகன் வேடத்தை இழந்தவர் வில்லனையே நாயகனாக்கி ஈடுசெய்துகொண்டார் போலும்!

மகனைவிட இளைய தாய்

தாய் வேடம் புனைந்தவர்களைப் பற்றியும் சிறிது பேசவேண்டும். 'தாய் சொல்லைத் தட்டாதே', 'தாயைக் காத்த தனயன்' இரண்டிலும் எம். ஜி. ஆருக்குத் தாயாக நடித்தவர் பி. கண்ணாம்பா. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவ்வம்மையார், 1942இல் 'கண்ணகி'யாக வந்து மதுரையை எரித்தவர். 1954இல் 'மனோகரா'வில் சிவாஜி கணேசனின் தாயாக நின்று முழங்கியவர். அவர் முழங்கியபோது மகன் சங்கிலியை அறுத்தான். தாய் ஒரு சொல் சொன்னால் அரசு கவிழும் என்பதை அந்தக் குரலிலே நம்பினோம். 1964இல் அவர் காலமானார்.

அதே 1964இல் வந்த 'தெய்வத்தாய்' படத்தில் தாயாக நடித்தவர் பண்டரிபாய். எம். ஜி. ஆர். பிறந்தது 1917இல். பண்டரிபாய் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்! 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்கு இணையாக நடித்த கதாநாயகி அவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாயகர்கள் நாயகர்களாகவே இருக்க, நாயகி தாயாகிவிட்டார். 1973இல் வந்த 'கௌரவம்' படத்தில் சிவாஜி இரு வேடம் ஏற்றபோது, ஒரு சிவாஜிக்கு மனைவியாகவும் மற்ற சிவாஜிக்கு வளர்ப்புத் தாயாகவும் ஒரே நேரத்தில் நடித்தார். 1992இல் 'மன்னன்' படத்தில் ரஜினிகாந்துக்கும் அவரே தாய். திரையுலகில் ஆண்களின் வயது நின்ற இடத்தில் நிற்கும். பெண்களின் வயது மட்டும் ஓடும் என்பதற்கு இவ்வரலாறு போதும்.

இந்த விந்தை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1957இல் மெஹபூப் கான் எடுத்த 'மதர் இந்தியா' என்ற ஹிந்திப் படத்தில் தாயாக நடித்த நர்கிசும், மகனாக நடித்த சுனில் தத்தும் 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சில நாள் இடைவெளியிற் பிறந்தவர்கள். படப்பிடிப்பில் தீ சூழ்ந்துகொண்டபோது நர்கிசைக் காப்பாற்றியவர் சுனில் தத். 1958இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 'தாயைக் காத்த தனயன்' என்ற பெயர் அங்கேயல்லவா பொருந்துகிறது!

மொழி மாறப் பெயரும் மாறும்

'மதர் இந்தியா' என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1927இல் கதரீன் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி இந்தியரை இழித்துரைத்து எழுதிய நூலின் பெயர் அது. அந்தப் பெயரையே எடுத்து, அதற்கு மறுமொழியாகத் தம் படத்துக்குச் சூட்டினார் மெஹபூப். மேலும், அப்படம் 1940இல் அவரே எடுத்த 'ஔரத்' என்ற படத்தின் மறு ஆக்கமாகும். 'ஔரத்' என்றால் 'பெண்' என்று பொருள். பதினேழு ஆண்டுகளில் 'பெண்' என்ற தலைப்பு 'தாய்' என்று உயர்ந்தது. அந்தத் தாயோ வயலை உழுகிறாள், கடன்காரனை எதிர்க்கிறாள், ஊர்ப் பெண்ணின் மானத்தைக் காக்கத் தான் பெற்ற மகனையே சுட்டு வீழ்த்துகிறாள். இதே கதை 1978இல் தமிழில் சிவாஜி கணேசன், வாணிஸ்ரீ நடிக்க வந்தபோது அதன் பெயர் 'புண்ணிய பூமி'. தாய் உண்மையாகவே கதையை நடத்திய இடத்தில் தமிழ்த் தலைப்பில் அவளைக் காணோம்!

மறுபக்கமும் உண்டு. 1959இல் வந்த 'ஒரு போர்வீரனின் கதைப்பாடல்' என்ற பொருள்படும் பெயர்கொண்ட சோவியத் படத்தை நேயர்கள் சிலர் பார்த்திருக்கலாம். போர்முனையில் வீரச்செயல் புரிந்த இளைஞன் பதக்கம் வேண்டாம் என்கிறான். ஊருக்குப் போய்த் தாயைக் கண்டு, வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுமுறை கேட்கிறான். வழியில் அவரவருக்கு உதவி செய்வதிலேயே விடுமுறை கரைந்துவிடுகிறது. வீடு சேர்ந்தபோது தாயைத் தழுவிக்கொள்ளச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. போனவன் திரும்பவேயில்லை. தாய் சாலையைப் பார்த்தபடி நிற்கிறாள். இப்படத்தைத் தழுவித் தமிழில் 1966இல் வந்ததே, இளைஞர் சிவகுமார் போர்வீரனாகவும், பெரிய நட்சத்திரங்கள் பலர் கௌரவ வேடங்களிலும் தோன்றிய 'தாயே உனக்காக'. ரஷ்யப் பெயரில் வீரன் இருந்தான். தமிழ்ப் பெயரில் தாய் வந்தாள். இவ்விடத்தில் தமிழர் செய்த மாற்றம் நன்றென்றே தோன்றுகிறது. காத்திருத்தலும் ஒரு வினைதான் என்பதை அந்தச் சாலையோரத் தாயைப் பார்த்தவர்கள் அறிவர்.

ஏவி. எம். நிறுவனத்தின் 'அன்னை' (1962) இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. தங்கையின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கும் ஒரு பெண், பெற்றவள் எங்கே மகனை மீட்டுக்கொண்டு போய்விடுவாளோ என்று அஞ்சி அஞ்சி வாழும் கதை அது. வளர்த்தவளாகப் பானுமதியும் பெற்றவளாகச் சௌகார் ஜானகியும் நடித்தனர். ஆறு ஆண்டுகளுக்கு முன் 'தாய்க்குப் பின் தாரம்' படத்தில் தாரமாக வரவிருந்த நாயகி பானுமதி, இங்கே அன்னையாகிவிட்டார். மூலக்கதை வங்காளத்தில் வந்த 'மாயாமிருகம்' என்ற படம். அதே கதை 1966இல் ஹிந்தியில் 'லாட்லா' என்று பெயர் பெற்றது; 'செல்லப் பிள்ளை' என்று பொருள். ஒரே கதைக்கு வங்காளத்தார் ஆசையின் பெயரை வைத்தனர். ஹிந்தியார் மகனின் பெயரை வைத்தனர். தமிழர் தாயின் பெயரை வைத்தனர். அத்துடன் நில்லாமல், பெயருக்கேற்பப் படத்தையும் அவள் கையிலேயே கொடுத்தனர். பெற்றவளா, வளர்த்தவளா என்று இரு தாய்மார் மோதும் அப்படத்தில் மகன்தான் செயப்படுபொருள்!

நாவலப்பிட்டியிலிருந்து சென்ற தாய்

இனி, எந்தப் படத்துக்கும் கதையாகாத ஒரு தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம்.

'தெய்வத்தாய்' படத்தைத் தயாரித்த நிறுவனம் சத்யா மூவீஸ். எம். ஜி. ஆரின் நிர்வாகியாயிருந்த ஆர். எம். வீரப்பன் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதற் படமே அதுதான். அப்படத்துக்கு வசனம் எழுதியவர், அப்பொழுது சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு நாடகம் போட்டு வந்த கே. பாலசந்தர். திரையுலகில் அவருடைய முதல் அடி அதுவே. இவ்வாறு ஒரு தயாரிப்பாளருக்கும் ஒரு பெரிய டைரக்டருக்கும் வாசல் திறந்த படம் அது. ஆனால் 'சத்யா' என்பது யார்?

அது எம். ஜி. ஆரின் தாயார் சத்தியபாமாவின் பெயர். 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் தேதி, நம் மலைநாட்டில், கண்டிக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியில் அவர் தம் இளைய மகனைப் பெற்றெடுத்தார். பிள்ளைகள் சிறுவராயிருக்கையிலேயே கணவர் கோபாலமேனன் மறைந்தார். கையில் பொருளில்லை. கடல் கடந்து, கும்பகோணத்தில் குடியேறி, உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து அனுப்ப வசதியில்லாமையால், சக்கரபாணியையும் இராமச்சந்திரனையும் நாடகக் கம்பெனியிற் சேர்த்தார். பாலப் பருவத்துப் பிள்ளைகளைப் பசிக்குப் பயந்து பிரிந்திருப்பது எத்தகைய துன்பம் என்பதைத் தாய்மார்களே அறிவர்.

பெற்றார், இழந்தார், கடந்தார், உழைத்தார், வளர்த்தார், பிரிந்தார். இத்தனை வினைகளுக்கும் எழுவாயாக நின்றவர் அவர். அவர் மகன் திரையிலே தாயைக் காத்தான், தாய் சொல்லைத் தட்டாதிருந்தான், தாய்க்குத் தலைமகனானான். அவன் நடித்த கதைகளிலே தாய் இருமிக்கொண்டும் கண்ணீர் விட்டுக்கொண்டும் கட்டிலிற் கிடந்தாள். அவனை ஆளாக்கிய தாயோ ஒருநாளும் அவ்வாறு கிடக்க நேரம் பெற்றிருக்கமாட்டார்.

திரைக்கதை எழுதியவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அப்படங்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் தாய்க்கு எதிர்ச்சொல் பேச அஞ்சினார்கள் என்பது மெய். அது சிறிய நன்மையன்று. ஆனால் வணங்குவது வேறு; அறிவது வேறு. தெய்வமென்று உயரத்தில் வைத்துவிட்டால், அவள் என்ன செய்தாள், எதைக் கடந்து வந்தாள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. 1926இல் ரஷ்ய டைரக்டர் புதோவ்கின், மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' நவீனத்தைப் படமாக்கினார். அந்தத் தாய்க்கு நீலவ்னா என்று ஒரு பெயர் இருந்தது. அறியாமையால் மகனைக் காட்டிக்கொடுக்கிறாள், பின் தெளிகிறாள், முடிவில் கொடியைத் தன் கையிலே ஏந்தி நின்று மடிகிறாள். பெயரும் வினையும் உள்ள தாயை உலகம் நூறாண்டு நெருங்கியும் மறக்கவில்லை.

அடுத்த முறை பழைய படமொன்றைக் குடும்பத்தோடு பார்க்கும்போது, பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கதையில் வரும் தாயின் பெயர் என்ன? அவள் என்ன செய்தாள்? விடை கிடைத்தால் அது நல்ல படம் என்று துணிந்து கூறலாம்.

நம் வீட்டு விளையாட்டு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டோம். "தாய் என்ன செய்தவ?" என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லாதிருந்தபோது, எல்லோரிலும் சிறிய பேத்தி எழுந்து அம்மம்மாவிடம் போய், "அம்மம்மா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். அம்மம்மா சற்றுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு பாக்குவெட்டியைத் தட்டத்தில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். நாம் முன்பு ஒருபோதும் கேட்டிராத கதை அது. மழை எப்பொழுது விட்டதென்று நமக்குத் தெரியாது.